ரீஸ்டார்ட் பொத்தானைத் தொடுவதற்கு முன்

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் கணினி பழுதுபார்க்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்:

இந்த மடலை உங்களுக்கென்றே எழுதுகிறேன். ஸ்குரூடிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் குனிகிறவர்கள் நீங்கள்தான். ஒரு பழைய சாதனம் பிழைக்குமா, பழைய சாமான் லாரியில் ஏறுமா என்பதை உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல் தீர்மானிக்கிறது. தலைமையாசிரியரோ ஆலயச் செயலாளரோ டியூஷன் வகுப்பு நடத்தும் அக்காவோ அந்தச் சொல்லை எதிர்த்துக் கேட்பதில்லை. கேட்கும் அளவுக்கு அவர்களுக்கு விவரம் தெரியாது. உங்கள்மேல் நம்பிக்கை நிறைய இருக்கிறது. அந்த நம்பிக்கையை முன்வைத்துத்தான் பேசுகிறேன்.

என் மனக்குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் போட்ட கணினி ஸ்கேனரையோ பிரிண்டரையோ நெட்வொர்க் கார்டையோ கண்டுகொள்ளவில்லை என்று கூப்பிடுகிறார்கள். வந்ததும் ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். சரிவராவிட்டால் மறுபடியும் ரீஸ்டார்ட். அதற்குப் பிறகு, "இது ரொம்பப் பழசு, லினக்ஸுக்குத் தெரியாது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புகிறீர்கள். கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இப்படித் தள்ளிவைக்கப்பட்ட ஸ்கேனரை நான் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. எல்எஸ்-யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்ததும் தன் பெயரையும் எண்ணையும் காட்டியது. நிர்வாகிக் கணக்கில் ஸ்கேன் செய்தால் வேலை செய்தது. ஆசிரியரின் கணக்கில் செய்தால் சாதனமே இல்லை என்றது. அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் அதை முதல் நாளே அடையாளம் கண்டிருந்தது. இந்தக் கோளாறு எத்தனை ரீஸ்டார்ட்டுக்கும் அசையாது. சாதனங்களைக் கவனித்து அனுமதி ஒதுக்கும் யூடெவ் என்ற நிரலுக்கு விதி ஒன்றை எழுதி, யூடெவ்-அட்ம் டிரிகர் என்று ஒரு கட்டளை கொடுத்தால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தீரும்.

"புதுசு வாங்கிடுங்க" என்பது சொல்ல எளிது. கேன்டீன் நாளில் நாசி லெமாக்கும் வடையும் விற்றுப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சேர்த்த வெள்ளியை அந்த ஒரு வாக்கியம் தின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்குப் புத்தகமாகியிருக்க வேண்டிய பணம் அது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கிவிட்டது. உங்களுக்கும் வீடு, குடும்பம் இருக்கின்றன. ஆனாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இப்போது பழைய கணினிகளின் வெள்ளம் உங்கள் கடை வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். அதற்கு முந்திய கணினிகள் ஆயிரக்கணக்கில் அலுவலகங்களிலிருந்து வெளியேறுகின்றன. நல்ல நான்கு கோர் சிப்பும் 8 ஜிபி நினைவகமும் உள்ள இயந்திரங்கள் அவை. இவற்றில் லினக்ஸ் போட்டுப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று நன்கொடையாளர்கள் உங்களிடம்தான் வருவார்கள். கணினியோடு அந்த அலுவலகத்தின் பழைய பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்தே வரும். அந்தத் துணைச் சாதனங்கள் வேலை செய்யாவிட்டால் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் லினக்ஸைக் குறைசொல்லத் தொடங்குவார்கள். பிறகு முழுக் கணினியும் மூலைக்குப் போகும்.

மூலைக்குப் போனது எங்கே போகிறது என்று கிள்ளான்வாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மின்கழிவு நம் நாட்டுச் சட்டத்தில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீடு பெற்ற அட்டவணைக் கழிவு. 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனாலும் வெளிநாட்டு மின்கழிவு கொள்கலன்கள் நம் கிள்ளான் துறைமுகத்தில் பிடிபடுகின்றன. ஊரார் குப்பையைத் தடுக்கப் போராடும் இதே ஊரில், உயிருள்ள சாதனத்தை நாமே குப்பையாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி விஷயத்துக்குள் வருகிறேன். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும்; தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கணினி ஏறும்போது கெர்னல் ஒவ்வொரு பிசிஐ பஸ்ஸாகப் போய், 32 இடங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது. சாதனம் இருந்தால், தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று இரண்டு எண்களைத் திருப்பிச் சொல்லும். இல்லையென்றால் எல்லாப் பிட்டும் 1 ஆகத் திரும்பும். 2000களில் நம் கடைகளில் மலிவாகக் கிடைத்த ரியல்டெக் கார்டு 8139 என்ற எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை வைத்து யூடெவ் பொருத்தமான டிரைவர் மாட்யூலைத் தேடி ஏற்றுகிறது. காலையில் வருகைப் பதிவெடுக்கும் ஆசிரியரைப் போன்றது இது. பெயர் கூப்பிட்ட நேரத்தில் ஒரு பிள்ளை வகுப்பில் இல்லையென்றால், திரும்பி வந்ததும் அந்தப் பெயரை மட்டும் இன்னொரு முறை கூப்பிட்டால் போதும்; பள்ளி முழுவதையும் வீட்டுக்கு அனுப்பி மறுபடி வரச்சொல்ல வேண்டாம்.

அப்படி இன்னொரு முறை கூப்பிடும் வழியைக் கெர்னலே திறந்து வைத்திருக்கிறது. சிஸ் என்ற அடைவுக்குள் பஸ், அதற்குள் பிசிஐ, அதற்குள் ரீஸ்கேன் என்றொரு கோப்பு உண்டு. நிர்வாகி உரிமையோடு அதில் 1 என்று எழுதுங்கள். கெர்னல் பஸ் முழுவதையும் மறுபடி தட்டிப் பார்க்கும். தொங்கிப்போன கார்டாக இருந்தால், முதலில் அந்தச் சாதனத்தின் அடைவில் இருக்கும் ரிமூவ் கோப்பில் 1 எழுதி அதை நீக்கிவிட்டு, பிறகு ரீஸ்கேன் செய்யுங்கள். (கணினி எந்த வட்டிலிருந்து ஓடுகிறதோ, அந்த வட்டின் கன்ட்ரோலர்மீது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.) வட்டு தெரியவில்லையென்றால், சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் ஸ்கஸி ஹோஸ்ட், அதற்குள் ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் ஸ்கேன் என்றொரு கோப்பு இருக்கும். அதில் மூன்று சிறு கோடுகளை இடைவெளி விட்டு எழுதினால், சானல், டார்கெட், எல்யூஎன் எல்லாவற்றையும் தேடச் சொல்வதாகப் பொருள். சாட்டா வட்டுகளும் இந்த வழியாகவே தெரியவரும். யூஎஸ்பி சாதனம் முரண்டு பிடித்தால், அதன் அடைவில் ஆதரைஸ்டு என்ற கோப்பில் 0 எழுதிப் பிறகு 1 எழுதுங்கள்; கெர்னல் அதைக் கைவிட்டு மறுபடி ஏற்றுக்கொள்ளும். எந்த டிரைவர் எந்தக் கார்டைப் பிடித்திருக்கிறது என்பதை எல்எஸ்-பிசிஐ கட்டளையோடு கே என்ற குறியைச் சேர்த்தால் பார்க்கலாம். டிரைவர் பிடிக்காமல் சும்மா கிடக்கும் கார்டுக்கு, மாட்யூலை ஏற்றும் மோட்புரோப் கட்டளை போதும்.

இவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: டி-மெசேஜைப் படிப்பது. சாதனம் ஏன் வரவில்லை என்பதைக் கெர்னல் பெரும்பாலும் அங்கே எழுதி வைத்திருக்கும். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை, யூஎஸ்பி முகவரி கொடுக்க முடியவில்லை, மாட்யூல் பதிப்பு ஒத்துவரவில்லை என்று காரணத்தோடு சொல்லும். இந்தப் பதிவு நினைவகத்தில் இருப்பது. ரீஸ்டார்ட் செய்த நொடியில் அழிந்துவிடும். வட்டில் ஒரு படி சேமிக்கும்படி அமைக்கப்பட்ட கணினிகள் உண்டு, அமைக்கப்படாதவையும் உண்டு. எதையும் படிக்காமல் ரீஸ்டார்ட் செய்கிறவர், நோயாளி பேசத் தொடங்கும்போது வாயைப் பொத்துகிறார் என்றே நினைக்கிறேன்.

பழைய இயந்திரத்துக்கு ரீஸ்டார்ட் ஆபத்தில்லாத காரியமும் இல்லை, அதுவும் மின்சாரத்தை அணைத்துப் போட்டால். நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் முதிய வட்டு, நின்ற பிறகு மறுபடி சுற்றத் தொடங்கும்போதுதான் அதிகம் திணறும். போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரி செத்துப்போயிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்ததும் பயாஸ் அமைப்புகள் கலைந்துவிடும். ஏஹெச்சிஐ முறையில் இருந்த வட்டு ஐடிஇ முறைக்கு மாறக்கூடும். தேதி பல ஆண்டு பின்னால் போகும். அதுவரை இல்லாத கோளாறுகள் புதிதாகப் பிறக்கும். ஒரு சர்வரை வைத்துப் பல பழைய பெட்டிகளை ஓட்டும் எல்டிஎஸ்பி முறையை நீங்கள் பள்ளிகளில் போட்டிருக்கலாம். 1999இல் தொடங்கிய அந்தத் திட்டம் பழைய கணினிகளுக்குப் பெரிய வரம். அங்கே சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் வகுப்பு முழுவதும் பிள்ளைகள் செய்துகொண்டிருந்த வேலை போய்விடும். தைப்பூசக் காலத்தில் ஆலய அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசை நிற்கும்போது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காகக் கணினியை அணைக்கலாமா? லைன் பிரிண்டர் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

ஆனால் இந்த மடலை எழுத என்னைத் தூண்டியது இவை எதுவும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருப்பவர்களே, இனிமேல் வருவதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் உங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்கு உங்கள் தெருக்களில் நீங்கள் வழிவிடுகிறீர்கள், சாலையைக் கடக்கக் கை கொடுக்கிறீர்கள். அவர்களில் ஒருவர் தம் கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுவரும்போது, ரீஸ்டார்ட் என்பது அவருக்கு என்னவாக இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். நமக்கு அது இரண்டு நிமிடக் காத்திருப்பு. திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு அப்படியில்லை. பயாஸுக்குக் குரல் இல்லை. அடுத்து வரும் கிரப் தொடக்கப் பட்டியலும் பேசாது. ஓர்க்கா திரைவாசிப்பான் நுழைவுத் திரையோ மேசைத்தளமோ வந்த பிறகுதான் வாய் திறக்கும். வட்டைச் சோதிக்க வேண்டுமா என்று நடுவில் ஒரு கேள்வி வந்து நின்றால், நின்றதே அவருக்குத் தெரியாது. கணினி ஏறிக்கொண்டிருக்கிறதா, செத்துவிட்டதா என்று அறியாமல் அமைதியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்வையுள்ள இன்னொருவரைக் கூப்பிட்டுத் திரையைப் படிக்கச் சொல்ல வேண்டும். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் மனிதரை அந்த இரண்டு நிமிடம் பிறர் கையை எதிர்பார்க்க வைக்கிறது.

பிரெயில் டிஸ்பிளே என்ற கருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திரையின் ஒரு வரியைப் புள்ளிகளாக உயர்த்தி விரலுக்குக் காட்டும். புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். அதனால்தான் ஒருமுறை கிடைத்ததை அவர்கள் வருடக்கணக்கில் பாதுகாக்கிறார்கள். சீரியல் போர்ட்டில் இணைக்கும் பழைய டிஸ்பிளேக்கள் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. 1990களிலிருந்து வளர்ந்துவரும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் லினக்ஸில் அவற்றைப் பேணிக் காக்கிறது. சீரியல் போர்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. அதில் கேபிளைச் செருகினால் கெர்னலுக்கு எந்தச் செய்தியும் போகாது. யூஎஸ்பி போலத் தன் பெயரைச் சொல்லும் வழி அதற்கு இல்லை. பிஆர்எல்டிடிஒய்யும் யாரும் சொல்லாத வரையில் யூஎஸ்பியிலும் புளூடூத்திலும்தான் தேடும், சீரியலைத் தொடாது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய டிஸ்பிளே உயிர்பெறாதது இதனால்தான். "கருவி செத்துப்போச்சு" என்று நீங்கள் சொன்னால், அவர் தம் வாசிப்பையே இழப்பார். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பிஆர்எல்டிடிஒய் அமைப்புக் கோப்பில் எந்த சீரியல் போர்ட், எந்த டிரைவர் என்று இரண்டு வரி எழுதுங்கள், அந்தச் சேவையை மட்டும் மறுபடி தொடங்குங்கள். அதன் பிறகு அது சிறிது நேரத்துக்கொரு முறை தானாகவே தேடிக்கொண்டிருக்கும். கேபிள் கழன்றாலும், மறுபடி மாட்டியதும் பிடித்துக்கொள்ளும்.

இதோடு சேர்ந்த இன்னொரு கொடுமையும் உண்டு. உபுண்டு 22.04 வந்தபோது, யூஎஸ்பி சீரியல் கேபிளையோ ஆர்டுயினோ போர்டையோ செருகியதும் அது தெரிந்து மறைந்துபோவதாகப் பலரும் புலம்பினார்கள். சில பிரெயில் டிஸ்பிளேக்களுக்குள் இருக்கும் அதே மலிவுச் சிப்தான் இந்தக் கேபிள்களிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. அதனால் பிஆர்எல்டிடிஒய் அவற்றை டிஸ்பிளே என்று எண்ணிப் பிடித்துக்கொண்டது. உலகம் முழுவதும் பரவிய தீர்வு என்ன தெரியுமா? பிஆர்எல்டிடிஒய்யை முழுவதுமாக நீக்கிவிடு என்பதுதான். உங்களில் சிலரும் பழக்கத்தில் அப்படியே செய்கிறீர்கள். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் இதைச் செய்தால், அடுத்து வந்து உட்காரும் பார்வையற்றவரின் விரல்களுக்கு அந்தக் கணினி ஊமையாகிவிடும். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதை நீக்காதீர்கள். யூடெவ் விதிக் கோப்பில் அந்தச் சிப்புக்குரிய ஒரே ஒரு வரியை முடக்குங்கள். விதிகளை மறுபடி வாசிக்கச் சொல்லி யூடெவ்-அட்ம் கட்டளை கொடுங்கள். கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். இருவருக்கும் வழி கிடைக்கும்.

மற்ற சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பிரிண்டர்கள் தம் ஃபர்ம்வேரைத் தமக்குள் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் கணினிதான் அதை ஊட்ட வேண்டும். ஊட்டாத வரையில் அச்சு வேலைகள் வரிசையில் நிற்கும், தாள் நகராது. ஹெச்பிலிப் தொகுப்பையும் அதன் பிளகினையும் போட்டுவிட்டு, ஹெச்பி-ஃபர்ம்வேர் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பழைய மொபைல் இணைய டாங்கிள்கள் பல, செருகியதும் தம்மைச் சிடி டிரைவ் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரைத் தமக்குள்ளேயே சுமந்து வர அப்படிச் செய்தார்கள். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் அவற்றுக்கு ஒரு செய்தி அனுப்பியதும் மோடமாக மாறும். இவை எதற்கும் கணினியை அணைக்கத் தேவையில்லை.

அணைத்தே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் இந்த மடல் நேர்மையாக இருக்காது. சாதாரணப் பிசிஐ கார்டை மின்சாரம் ஓடும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது. கார்டும் போர்டும் கருகும். பட்டைக் கேபிள் போட்ட பழைய ஐடிஇ வட்டும் அப்படியே. பிஎஸ் 2 விசைப்பலகையையும் மவுஸையும் ஓடும் கணினியில் மாட்டக்கூடாது. மாட்டியிருந்து உறைந்துபோன மவுஸுக்கு மட்டும் பிஎஸ்-மவுஸ் மாட்யூலை இறக்கி ஏற்றிப் பார்க்கலாம். பயாஸில் முடக்கப்பட்ட போர்ட்டை எந்த ரீஸ்கேனும் கொண்டுவராது. ஐஎஸ்ஏ காலத்துக் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தம் எண்ணைச் சொல்லத் தெரியாது. முகவரியையும் ஐஆர்க்யூவையும் நாம்தான் மாட்யூலுக்குச் சொல்ல வேண்டும்; முதல் பேரலல் போர்ட்டுக்கு வழக்கமாக முகவரி 0x378, ஐஆர்க்யூ 7. சில லினக்ஸ் வழங்கல்களில் கெர்னலைப் புதுப்பித்ததும் ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் மாட்யூல்கள் வட்டிலிருந்து நீங்கிவிடும். அப்போது மோட்புரோப் என்ன சொன்னாலும் ஏறாது, ரீஸ்டார்ட்தான் வழி. காரணம் தெரிந்து செய்யும் ரீஸ்டார்ட்டை நான் குறை சொல்லவில்லை.

இந்தப் பழைய சாதனங்கள் இன்னும் ஓடுவதே பலருடைய உழைப்பால்தான் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பிரான்சு நாட்டு மருத்துவர் ஒருவர், தம் தொழிலுக்கு நடுவே, 200க்கும் மேற்பட்ட யூஎஸ்பி வெப்கேமராக்களுக்கு டிரைவர் எழுதினார். அந்த வேலையின் வழிவந்த ஜிஎஸ்பிசிஏ டிரைவர் தொகுதி 2008இல் கெர்னலுக்குள் சேர்ந்தது. யூடெவ்வை உருவாக்கிய கிரெக் குரோ-ஹார்ட்மன் 2007இல், எந்த நிறுவனத்தின் சாதனத்துக்கும் லினக்ஸ் டிரைவர் இலவசமாக எழுதித் தருகிறோம் என்று அறிவித்தார். ஆனால் கெர்னல் எல்லாவற்றையும் என்றைக்கும் சுமக்காது. 386 சிப்புக்கான ஆதரவு 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய ஐடிஇ டிரைவர் தொகுதி 2021இல் 5.14 பதிப்பில் நீக்கப்பட்டது. அதன் வேலையை அதற்கு வெகு முன்பே லிப்ஏட்டா என்ற புதிய தொகுதி ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரு டிரைவரைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்ல யாரும் இல்லையென்றால், அது வெட்டுப்படும் வரிசைக்கு வந்துவிடும். கிள்ளானில் ஒரு பள்ளி இன்னும் அந்தச் சாதனத்தை நம்பியிருக்கிறது என்பது கெர்னல் எழுதுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பழுதைக் கண்டும் பதிவு செய்யாமல் தூக்கி எறியும் ஒவ்வொரு முறையும், இந்தச் சாதனத்துக்கு ஆளில்லை என்று நாமே சாட்சி சொல்கிறோம்.

பள்ளிகளில் லினக்ஸை நிலைக்கவைப்பது நம்மால் ஆகாத காரியம் என்று சொல்லாதீர்கள். 2004லேயே மலேசிய அரசாங்கம் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டு, அரசு நிர்வாக நவீனமயத்தைக் கவனித்த மாம்பு அமைப்பின்கீழ் அதற்கென ஒரு மையமும் வைத்தது. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே, அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. அங்கே ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நம் கோலாலம்பூரோ தமிழ்க் கணிமைக்குப் பழைய வீடு. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கியது இந்த மண்ணிலிருந்துதான். 2001இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது. 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் கூடினார்கள். திரையில் தமிழ் எழுத்தைக் கொண்டுவர அவ்வளவு பாடுபட்ட ஊரில், அந்தத் திரையின் பக்கத்தில் இருக்கும் பிரிண்டரை எழுப்பும் வழியைத் தமிழில் ஒரு தாளில்கூட நான் கண்டதில்லை. நாட்டின் மிகப்பெரிய தமிழ்ப்பள்ளி கிள்ளானில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சிறிய பள்ளிகள் எத்தனையோ. நீங்கள் கிளம்பிப்போன பிறகு அங்கே கணினியைக் கவனிக்கிறவர், பாடமும் நடத்தும் ஓர் ஆசிரியர். அவருக்கு உங்கள் அறிவு தேவை. உங்கள் நேரத்தை எந்நேரமும் கேட்க அவரால் முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இனி நீங்கள் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு பழைய கணினியின் பெட்டிமேலும் தமிழில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வாருங்கள். கையால் எழுதினாலும் போதும். அந்தக் கணினியோடு எந்தப் பிரிண்டர், எந்த ஸ்கேனர், எந்தக் கார்டு சேர்ந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எந்த மாட்யூல் அல்லது எந்தச் சேவை, அது காணாமல் போனால் கொடுக்க வேண்டிய கட்டளை என்ன, எந்தச் சாதனத்துக்குக் கட்டாயம் மின்சாரத்தை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். கட்டளைகளை அப்படியே தட்டச்சு செய்யும்படி எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒருமுறை அவர் கையாலேயே செய்து பார்க்கட்டும்; அதற்குப் பிறகு கிளம்புங்கள். ஒரு சாதனம் செத்துவிட்டது என்று சொல்லும் முன் டி-மெசேஜ், எல்எஸ்-பிசிஐ, எல்எஸ்-யூஎஸ்பி மூன்றும் காட்டியதை ஒரு கோப்பில் சேமித்து, பள்ளியிடமே ஒரு படி கொடுங்கள். நீங்கள் கைவிட்டதை இன்னொருவர் அந்தக் கோப்பைப் பார்த்து எழுப்பக்கூடும். டிரைவர் எழுதியவர்களுக்கு அனுப்பவும் அதுதான் உதவும்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்களிடம் கூடுதலாக ஒன்று. உங்கள் கடையிலிருந்து போகும் எந்தக் கணினியிலும் பிஆர்எல்டிடிஒய்யும் ஓர்க்காவும் இருக்கட்டும். பழைய பிரெயில் டிஸ்பிளேயோடு ஒருவர் வந்தால், அது எந்தப் போர்ட்டில் எந்த டிரைவரோடு வேலை செய்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை அவருக்குத் தாளில் கொடுக்காதீர்கள், அவரால் வாசிக்கக்கூடிய கோப்பாகக் கொடுங்கள்.

வருகிற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கணினி அறைகள் காலியாக இருக்கும். ஆளுக்கொரு பள்ளி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கிவைக்கப்பட்ட சாதனங்களை அலமாரியிலிருந்து இறக்கி ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், தாளை எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிவிடுங்கள். பழைய சாமான் லாரிக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருந்தால், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து, உங்களில் ஒருவர்